கலங்கின தண்ணியும் அணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பரீட்சையைப் பொறுத்தவரை பிரவுண் அசைவு ஒரு சின்ன விஷயம். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் வகுப்பில் எழும்புகிற கேள்விகள் ஒரு கொப்பியை நிரப்பும். பிள்ளைகள் கேட்டவை, அவர்களைக் கூட்டிப்போக வந்த தாய் தகப்பன்மார் படலையடியில் நின்று கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

சேர், பிரவுண் அசைவு எண்டா உண்மையில என்ன?

தண்ணீரில் பாலை மிகக் கொஞ்சமாகக் கலந்து, அதில் ஒரு சொட்டை நுணுக்குக்காட்டியில் 400 மடங்கு பெருக்கிப் பாருங்கள். பாலின் கொழுப்பு உருண்டை உருண்டையாகத் தெரியும். பெரிய உருண்டைகள் பேசாமல் கிடக்கும். கண்ணை மெல்லச் சின்ன உருண்டைகளுக்குக் கொண்டுபோங்கள். ஒன்றாவது சும்மா நிற்காது. இடப்பக்கம் ஒரு துடிப்பு, உடனே மேலே, பிறகு பழைய இடத்துக்கே வருவதுபோல வந்து வேறெங்கோ போய்விடும். பக்கத்து உருண்டைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தன்பாட்டில் ஆடும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே ஆட்டம்தான்.

திரவத்திலோ வாயுவிலோ கிடக்கும் நுண்ணிய துணிக்கைகள் இப்படி ஒழுங்கில்லாமல், ஓயாமல் அசைவதைத்தான் பிரவுண் அசைவு என்கிறோம். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கத்தாலும் முட்டுவதால் அது வருகிறது. இந்தக் கடைசி வரியை இன்றைக்கு ஒரு பள்ளிப்பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிடும். உலகம் அதை உறுதியாகச் சொல்ல எண்பது வருஷம் எடுத்தது.

பிரவுண் கண்டது மகரந்தமணி துள்ளுறதைத்தானே?

இல்லை. இந்தப் பிழை எத்தனையோ குறிப்புப் புத்தகங்களில் இருக்கிறது, நானும் பல வருஷம் அப்படித்தான் படிப்பித்தேன். ரொபேர்ட் பிரவுண் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர். 1827இல் கிளார்க்கியா புல்செல்லா என்ற வட அமெரிக்கச் செடியின் மகரந்தத்தைத் தண்ணீரில் இட்டுப் பார்த்தார். ஒரு மகரந்தமணி, மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். அவ்வளவு பெரிய சாமான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் துள்ளாது. அவர் கண்டது மணிக்குள் இருந்த துணிக்கைகள் ஆடியதை. அவை ஐந்தாறு மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோமீற்றர்.

மகரந்தம் என்றபடியால் உயிர்தான் இப்படி ஆட்டுகிறதோ என்று முதலில் அவருக்கும் ஒரு நினைப்பு. அந்த நினைப்பை அவர் சும்மா விடவில்லை. செத்துக் காய்ந்த செடிகளின் மகரந்தத்தை எடுத்தார், ஆடியது. கண்ணாடியை அரைத்தார், ஆடியது. கல்லுகளை அரைத்தார், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையில் இருந்து வந்த ஒரு துண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஆடின. அப்போ உயிர் இல்லை. வேறு என்ன என்று அவர் சொல்லவில்லை. இவருக்கு முன்பே, 1785இல், ஜான் இங்கன்ஹவுஸ் என்பவர் மதுசாரத்தின் மேலே கரித்தூள் ஆடுவதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆனாலும் பேர் நிலைத்தது பிரவுணுக்கு. எதெது காரணமில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளியவர் அவர் என்பதால், அது நியாயமென்றே எனக்குப் படுகிறது.

கிடுகுக் கூரை ஓட்டைக்குள்ளால வாற வெயிலில தூசி பறக்குதே, அதுவும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. அது காற்றோட்டம். நீங்கள் பக்கத்தால் நடந்தாலே அந்தத் தூசி எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சுழலும். பிரவுண் அசைவில் துணிக்கைகள் சேர்ந்து போவதில்லை. ரோம நாட்டுப் புலவர் லுக்ரீசியஸ் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பு இந்த வெயில் தூசியைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் தட்டுவதால்தான் ஆடுகிறது என்றார். காட்டிய உதாரணம் பிழை, சொன்ன காரணம் சரி. இப்படி ஒரு அதிர்ஷ்டம் பரீட்சையில் உங்களுக்கு வாய்க்காது.

பெரிய துணிக்கை ஏன் ஆடுறேல்லை? அதுக்கும் மூலக்கூறு முட்டுந்தானே?

முட்டும். இன்னும் கூடுதலாகவே முட்டும். இதற்கு இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனால் போதும். யப்பான் மீன் குஞ்சுகள் கூடியிருக்கிற கரையில் ஒரு முழுப் பாணைப் போடுங்கள். நூறு குஞ்சுகள் சுற்றி நின்று கொத்தும். பாண் அசையாது, ஏனென்றால் இந்தப் பக்கக் கொத்தை அந்தப் பக்கக் கொத்து சமப்படுத்திவிடும். அதே இடத்தில் ஒரு பாண் துகளைப் போடுங்கள். மூன்று நாலு குஞ்சுகள்தான் கொத்த இடமிருக்கும். ஒரு நொடியில் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. துகள் வலப்பக்கம் துள்ளும். தண்ணீர் கலங்கி மீனே தெரியாவிட்டாலும், துகள் துள்ளுகிற துள்ளலைப் பார்த்துக் கீழே மீன் இருக்கென்று ஒரு சின்னப்பிள்ளை சொல்லும்.

உதாரணத்தைக் கனக்க இழுக்கக் கூடாது. ஒரு மைக்ரோமீற்றர் அகலமான துணிக்கைக்கு முன்னால் தண்ணீர் மூலக்கூறு மூவாயிரம் மடங்குக்கு மேல் ஒடுக்கமானது. ஒரு மூலக்கூறு முட்டித் துணிக்கை துள்ளுவதை நாம் காண்பதில்லை. கணக்கில்லாத முட்டல்களின் கூட்டல் கழித்தலில் மிஞ்சுகிற சமனின்மையைத்தான் காண்கிறோம்.

அணு எண்ட சொல் எங்கட ஆக்களிட்ட எப்பவோ இருந்ததுதானே மாஸ்ரர், பிறகென்ன புதுசாக் கண்டுபிடிச்சவை?

சொல் பழையதுதான் ஐயா. இந்தியாவின் பழைய மெய்யியல் பிரிவினரான வைசேடிகர் அணுவைப் பேசினார்கள், கிரேக்கத்தில் டெமோக்கிரிட்டஸ் பேசினார். பேசுவதற்கும் காட்டுவதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. 1808இல் ஜோன் டோல்ற்றன் அணுவை இரசாயனத்துக்குள் கொண்டுவந்தார். மூலகங்கள் ஏன் குறிப்பிட்ட விகிதத்தில் மட்டும் சேருகின்றன என்பதற்கு அது நல்ல விளக்கம். ஆனால் நல்ல விளக்கம் என்பதாலேயே அந்தச் சாமான் இருக்கிறது என்று ஆகுமா?

ஆகாது என்றவர்கள் இலேசுப்பட்ட ஆட்கள் இல்லை. இரசாயனவியலாளர் வில்ஹெல்ம் ஒஸ்வல்ட், பௌதிகவியலாளரும் மெய்யியலாளருமான ஏர்ண்ஸ்ட் மாக் இருவரும் அணு என்பது கணக்குப் போட வசதியான ஒரு கற்பனை என்றே வைத்திருந்தார்கள். யாரும் காணவில்லை, எண்ணவில்லை, நிறுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் லூட்விக் போல்ட்ஸ்மான், வாயுக்களின் நடத்தை முழுவதையும் மூலக்கூறுகளின் ஓட்டத்தால் விளக்கிவிட்டு இவர்களோடு வருஷக்கணக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஒஸ்வல்ட்டின் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன். பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று சொல்பவனிடம் கணக்குக் கேட்பது தப்பில்லை.

ஐன்ஸ்டைன் இதுக்குள்ள எப்பிடி வந்தவர்?

1905இல், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு. அவர் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்து இதைத் தொடங்கவில்லை. மூலக்கூறுகள் உண்மையென்றால் தண்ணீரில் கிடக்கும் துணிக்கை எப்படி அசைய வேண்டும் என்று கணக்குப் போட்டார். பிரவுண் கண்டது இதுதானா என்று சொல்லத் தன்னிடம் போதிய விபரம் இல்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்.

அதுவரை அளந்தவர்கள் துணிக்கையின் வேகத்தை அளந்தார்கள். இந்த இடத்தில் இத்தனை மணிக்கு, அந்த இடத்தில் இத்தனை மணிக்கு, ஆகவே வேகம் இவ்வளவு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை வந்தது, ஒன்றும் கொள்கையோடு ஒத்துவரவில்லை. துணிக்கை போன பாதை முழுக்க முறிவு. அரை நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தால் ஒரு நேர்கோடாகத் தெரிவது, ஒரு செக்கனுக்கு ஒருதரம் பார்த்தால் முப்பது முறிவாகத் தெரியும். இன்னும் நெருக்கிப் பார்த்தால் இன்னும் முறிவு. அப்படிப்பட்ட பாதையில் வேகம் என்று எதைச் சொல்வது? ஐன்ஸ்டைன் வேகத்தை விட்டுவிட்டு, புறப்பட்ட இடத்தில் இருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

இதை நான் மைதானத்தில் செய்விப்பேன். பிள்ளைகள் ஒரு கோட்டில் நிற்க வேண்டும், ஆளுக்கொரு நாணயக்குற்றி. தலை விழுந்தால் ஓரடி முன்னுக்கு, பூ விழுந்தால் ஓரடி பின்னுக்கு. 16 தரம் சுண்டியபின் கோட்டில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்கள்? ஒவ்வொருவரின் விலகலையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் கொள்கைப்படி 4 அடி. 64 தரம் சுண்டினால் 16 அடி என்று சொல்ல எல்லாருக்கும் வாய் வரும், ஆனால் விடை 8. நேரம் நாலு மடங்கானால் விலகல் இரண்டு மடங்குதான். துணிக்கையும் அப்படித்தான் என்றது ஐன்ஸ்டைனின் கணக்கு. தண்ணீரின் வெப்பநிலை, பிசுக்குமை (ஓடவிடாமல் தடிக்கிற தன்மை), துணிக்கையின் ஆரை மூன்றும் தெரிந்தால் விலகல் எத்தனை மைக்ரோமீற்றர் என்று சொல்லிவிடலாம், ஒன்று மட்டும் கூடத் தெரிய வேண்டும்: அவகாதரோ எண், அதாவது 18 கிராம் தண்ணீரில் அல்லது 32 கிராம் ஒட்சிசனில் எத்தனை மூலக்கூறு என்ற எண். திருப்பிப் போட்டால், விலகலை அளந்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு மைக்ரோமீற்றர் விட்டமுள்ள துணிக்கை 17 பாகை செல்சியஸில் ஒரு செக்கனில் 0.8 மைக்ரோமீற்றரும் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 6 மைக்ரோமீற்றரும் விலகும் என்று அவர் கண்டார். எங்கள் வெயிலுக்கு, 32 பாகைத் தண்ணீரென்று நான் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 8 வருகிறது. சூடு கூடினால் தண்ணீர் இளகிவிடும், அதுதான் முக்கியமான காரணம்.

இதே முடிவுக்கு அதே காலத்தில் வேறு வழிகளால் வந்தவர்கள் இருவர்: மெல்பேர்ணில் வில்லியம் சதர்லாந்து, போலந்துக்காரரான மரியான் ஸ்மொலுகொவ்ஸ்கி. பெயர்களையாவது தெரிந்துவைத்திருங்கள்.

ஐன்ஸ்டைன் பிழை விட்டவர் எண்டது உண்மையோ?

உண்மை. அதே 1905இல் அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு, சீனி கரைத்த தண்ணீரைப் பற்றியது. சீனி போட்டால் தண்ணீர் கொஞ்சம் தடிக்கிறது, எவ்வளவு தடிக்கிறது என்பதில் இருந்து மூலக்கூறின் பருமனையும் அவகாதரோ எண்ணையும் எடுக்கலாம் என்று காட்டினார். அவருக்கு வந்த எண் 2.1 × 10²³. இன்றைய பெறுமானத்தின் மூன்றில் ஒரு பங்கு. சில வருஷம் கழித்து பாரிஸில் பெரனின் (இவரைப் பற்றி அடுத்த கேள்வியில்) ஆய்வுகூடத்தில் அளந்தபோது சூத்திரம் ஒத்துவரவில்லை. ஐன்ஸ்டைன் தன்னோடு வேலை செய்த லூட்விக் ஹொப்பிடம் கணக்கைப் பார்க்கச் சொல்ல, அவர் பிழையைப் பிடித்தார். 1911இல் திருத்திய விடை 6.56 × 10²³. செய்கையில் பிழைவிட்டு அழுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். புள்ளி குறைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பெரன் என்ன செய்தவர்? அவருக்கு ஏன் நோபல் பரிசு?

எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பிடித்த ஆள் இவர்தான். ழான் பெரன், பாரிஸ். 1908இல் தொடங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரே அளவான, உருண்டையான, லட்சக்கணக்கான துணிக்கைகள். கம்போஜ் என்ற மஞ்சள் பிசினை எடுத்தார். ஓவியர்கள் வர்ணத்துக்குப் பாவிப்பது. கார்சீனியா என்ற மர இனத்தில் வடிவது. தெற்கில் மீன்கறிக்குப் போடுகிற கொறுக்காய்ப்புளியும் அதே இனத்து மரந்தான். பிசினைத் தண்ணீரில் தேய்த்தால் சோப்பு நுரை மாதிரி மஞ்சளாய்க் கலங்கும், உள்ளே எல்லா அளவிலும் உருண்டைகள். வேகமாகச் சுழற்றி, படிந்ததை எடுத்து, மறுபடி கரைத்து, மறுபடி சுழற்றி, அரிசி புடைப்பதுபோல அளவு அளவாகப் பிரித்தார். ஒரு கிலோ பிசினோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியும், அவர் தேடிய அளவில் கிடைத்தது ஒரு கிராமிலும் குறைவு.

அந்த உருண்டைகளை ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலத்தில் விட்டு, எந்த உயரத்தில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணினார். நிறை கீழே இழுக்கிறது, பிரவுண் அசைவு மேலே கிளப்புகிறது. அடியில் நெருக்கம், மேலே போகப்போக ஐது. 0.212 மைக்ரோமீற்றர் ஆரை உள்ள உருண்டைகளை 30 மைக்ரோமீற்றருக்கு ஒரு தட்டாக எண்ணியபோது கிடைத்த விகிதம்: 100, 47, 22.6, 12. ஒவ்வொரு தட்டிலும் ஏறக்குறையப் பாதி.

இது நமக்குத் தெரிந்த விஷயந்தான். பீதுருதாலகாலை உச்சி 2,524 மீற்றர். அங்கே காற்று கடற்கரையில் இருப்பதன் முக்கால் பங்குதான். ஒட்சிசன் பாதியாக ஐந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட ஏற வேண்டும். கம்போஜ் உருண்டை பாதியாக 30 மைக்ரோமீற்றர் போதும். விதி ஒன்றே, நிறைதான் வேறு. ஐந்து கிலோமீற்றரை 30 மைக்ரோமீற்றரால் வகுத்தால் ஏறக்குறைய 17 கோடி. ஆக ஒரு கம்போஜ் உருண்டை (தண்ணீரின் மேலுதைப்பைக் கழித்தபின்) ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப்போல 17 கோடி மடங்கு நிறை. உருண்டையின் ஆரையும் அடர்த்தியும் தெரியும், ஆகவே அதன் நிறையும் தெரியும்: கழித்தபின் ஏறக்குறைய 8 × 10⁻¹⁵ கிராம். 17 கோடியால் வகுத்தால் ஓர் ஒட்சிசன் மூலக்கூறு ஏறக்குறைய 5 × 10⁻²³ கிராம். யாரும் காணாத மூலக்கூறை, மஞ்சள் பிசின் உருண்டையைப் படிக்கல்லாக வைத்துத் தராசில் போட்டாயிற்று. அவகாதரோ எண் வேண்டுமென்றால் 32 கிராமை இதனால் வகுங்கள். என் முரட்டுக் கணக்கில் 6.5 × 10²³ அளவில் வரும், பெரனுக்கு 7 × 10²³ அளவில் வந்தது. இன்றைய பெறுமானம் 6.02214076 × 10²³, 2019இல் இருந்து மாற்றமில்லாமல் வரையறுத்த எண்.

இதோடு விடவில்லை. ஒரு தனி உருண்டையை 30 செக்கனுக்கு ஒருதரம் பார்த்துக் கட்டத்தாளில் புள்ளி வைத்து, ஐன்ஸ்டைன் சொன்ன விலகலையும் சரிபார்த்தார். புள்ளிகளைக் கோட்டால் இணைத்த அந்தப் படத்தைப் பல புத்தகங்களில் காணலாம். 1926இல் பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

துணிக்கை ஆடுறதால அணு இருக்கெண்டு எப்பிடிச் சொல்லலாம்? வேற காரணமும் இருக்கலாந்தானே?

நல்ல கேள்வி, இதைக் கேட்ட பிள்ளை இப்போது பொறியியல் படிக்கிறாள். ஆடுவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெளிச்சம், வீதியால் போகிற வண்டியின் அதிர்வு, தண்ணீர் ஆவியாவது என்று பல காரணங்களை ஆட்கள் சொல்லிப்பார்த்தார்கள். பிரான்சின் லூயி ஜோர்ஜ் கூயி 1888இல் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார். அப்போதும் ஒஸ்வல்ட் அசையவில்லை.

அசைத்தது எண்களின் ஒற்றுமை. உயர அடுக்கில் எண்ணினால் ஒரு விடை. தனி உருண்டையின் விலகலில் அதற்குக் கிட்டிய விடை. உருண்டை தன்னைத்தானே சுழல்வதில் இருந்தும், வானம் ஏன் நீலம் என்பதில் இருந்தும், கதிர்த்தொழிற்பாட்டில் இருந்தும், இலத்திரனின் ஏற்றத்தில் இருந்தும் திரும்பத் திரும்ப 6க்கும் 7க்கும் இடையில், அதே 10²³. ஒரு வயலில் எத்தனை மூடை வந்ததென்று சூடடித்தவரிடமும், லொறிக்காரரிடமும், ஆலைக்காரரிடமும் தனித்தனியே கேட்டு ஒரே எண் வந்தால், வயலே இல்லை என்று யார் சொல்வது? ஒஸ்வல்ட் 1909இல் தன் பாடநூல் முன்னுரையிலேயே ஒத்துக்கொண்டார். அணுவை வெறும் வசதியான ஊகம் என்று வைத்திருந்த கணிதவியலாளர் போங்காரேயும் 1912இல் மனம் மாறினார், எண்ண முடிந்தபின் அது ஊகமில்லை என்று. மாக் மட்டும் கடைசிவரை முழுமனதோடு இறங்கிவந்ததாகத் தெரியவில்லை.

மழைக்குப் பிறகு குளத்துத் தண்ணி நாள்கணக்கா வச்சாலும் தெளியுதில்லை. அதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்கோ?

இருக்கிறது, ஆனால் முழுக்க இதுவே காரணமில்லை. கார்த்திகை மழைத் தண்ணீரை ஒரு வாளியில் அள்ளி வையுங்கள். மணல் நீங்கள் குனிந்து நிமிர்வதற்குள் அடியில் இருக்கும். ஒரு மைக்ரோமீற்றர் களித்துணிக்கை ஒரு செக்கனுக்கு ஒரு மைக்ரோமீற்றர்தான் இறங்கும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவானது 25 மடங்கு மெதுவாக, ஒரு நாளில் மூன்று நாலு மில்லிமீற்றர். வெயில் பட்டுத் தண்ணீர் சூடேறிச் சுழன்றாலே அந்த இறக்கம் குலைந்துவிடும். இந்தச் சின்னத் துணிக்கைகளிடம் பிரவுண் அசைவு செல்லுபடியாகும், பெரனின் உருண்டைகள் போல.

அசைகிற துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதானால் இறங்கிவிடும். ஒட்டவிடாமல் வைப்பது மின்னேற்றம். களித்துணிக்கை எல்லாவற்றிலும் மறையேற்றம், ஒன்றையொன்று தள்ளும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்பக்கத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிற அம்மம்மாமார் செய்தது இந்தத் தள்ளலை உடைப்பது. கொட்டையில் இருந்து கரைகிற புரதமும் மாப்பொருள் போன்றவையும் துணிக்கைகளைக் கோர்த்துக் கட்டியாக்கும். படிகாரமும் அந்த வேலைதான் செய்யும். உப்பும் செய்யும். கனகராயன் ஆற்றின் கலங்கல் சுண்டிக்குளம் களப்பின் உப்புத்தண்ணீரில் பட்டதும் படியத் தொடங்குவது அதனால்தான். ஒரு எச்சரிக்கை: தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

ஓயாம ஆடுதெண்டா, அதை வச்சு வயலுக்குத் தண்ணி இறைக்கேலாதோ?

மண்ணெண்ணெய் விலையைப் பார்த்து ஒரு தகப்பன் கேட்டது. ஏலாது அண்ணை. துணிக்கை தண்ணீரின் வெப்பத்தில் இருந்து எடுப்பதை அந்தத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுழலவிடுகிற பற்சில்லு ஒன்றைச் செய்தாலும், அந்தப் பற்சில்லும் அதே சூட்டில் நடுங்கி இரண்டு பக்கமும் வழுக்கும். பம்ப் பம்பாகவே இருக்கட்டும்.

இப்ப அணுவை நேராப் பாக்கேலுமோ?

1981இல் வந்த ஊடுபுழை நுணுக்குக்காட்டியால் (மிகக் கூரான ஊசிமுனையைப் பரப்புக்குக் கிட்டவாக நகர்த்திப் பார்ப்பது) ஒரு பரப்பில் உள்ள அணுக்களை ஒவ்வொன்றாக உருவமாக்கலாம். சாதாரண வெளிச்சத்தால் முடியாது.

எங்கட பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியில இதைக் காட்டேலுமோ?

ஏலும். முதல்தரம் நான் காட்டியபோது வகுப்பே வரிசையில் நின்றது. "பாருங்கோ, எப்பிடி ஓடுது" என்றேன் பெருமையாக. மூன்றாவதாகப் பார்த்த பெடியன் தலையை நிமிர்த்தி, "சேர், எல்லாம் ஒரே பக்கமெல்லோ போகுது" என்றான். சரிதான். நான் காட்டியது பிரவுண் அசைவில்லை. மூடுதுண்டின் ஓரத்தால் தண்ணீர் ஆவியாக, மிச்சத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீருக்குப் பசுப்பால் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். அதில் ஒரு சொட்டை வழுக்கியில் வைத்து மூடுதுண்டால் மூடி, நாலு ஓரத்துக்கும் வஸ்லின் பூசி அடையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மேசையில் ஒருவரும் முழங்கை ஊன்றக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, 400 மடங்கில், வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். இன்னும் எல்லாம் ஒரே பக்கம் போனால் எங்கேயோ ஓரம் அடைபடவில்லை, மறுபடி பூசுங்கள். பெரிய உருண்டைகளை விட்டுவிட்டு, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது விடாமல் பார்க்க வேண்டும். கண் வலிக்கும். பெரன் ஒரு தொடரில் மட்டும் 13,000 உருண்டைகளை எண்ணினார்.